கோலும் பிரம்பும்: ஒரு பிள்ளை வளர்ப்பு நூலை முன்வைத்து

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போலச் சிந்தாமணியைப் பற்றியோ நன்னூலைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருக்கும் நாசரேத்து அம்மையார் கொடுத்த ஓர் ஆங்கில நூல் என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது. மும்பையில் நாற்பதாண்டாகத் துணி வாணிகம் செய்கிறவனுக்கு, அதிலும் சமணனுக்கு, கிறித்தவர் பிள்ளை வளர்ப்பு நூலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். விடையைப் பின்னால் சொல்கிறேன்.

நூலும் அதன் காலமும்

நூலின் பெயர் 'தி கம்ப்ளீட் புக் ஆஃப் கிறிஸ்டியன் பேரண்டிங் அண்ட் சைல்ட் கேர்'. 1997-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர்கள் வில்லியம் சியர்ஸ், மார்த்தா சியர்ஸ் என்னும் தம்பதியர். கணவர் குழந்தை மருத்துவர், மனைவி செவிலியர். எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். பிறந்தவுடன் குழந்தையைத் தாயோடு சேர்த்தல், தாய்ப்பால், உடம்போடு அணைத்துச் சுமத்தல், அருகில் கிடத்தித் தூங்குதல், அழுகையைப் பிள்ளையின் மொழியாக மதித்தல் ஆகியவை இவர்கள் சொல்லும் வழி. இப்படி வளர்ந்த பிள்ளை பெற்றோர் சொல்லை நம்பிக் கேட்கும், அடிக்கத் தேவை வராது என்பது இவர்கள் முடிவு.

இந்நூல் யாரோடு வழக்காடுகிறது என்று தெரிந்தால்தான் அதன் அருமை விளங்கும். அமெரிக்கக் கிறித்தவர் நடுவே ஜேம்ஸ் டாப்சன் என்னும் உளவியலார் 1970-இல் எழுதிய 'டேர் டு டிசிப்ளின்' பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. பெற்றோர் அதிகாரத்தை மீறும் பிள்ளையை அளவாக அடிக்கலாம் என்பது அவர் கட்சி. 1994-இல் மைக்கேல் பெர்ல் தம்பதியர் எழுதிய 'டு டிரெய்ன் அப் எ சைல்ட்' இன்னும் கடுமையானது; கைக்குழந்தைப் பருவத்திலேயே சிறு கோலால் பழக்கச் சொன்னது. 2010-இல் கலிபோர்னியாவிலும் 2011-இல் வாஷிங்டன் மாநிலத்திலும் பெற்றோரின் கொடுமையால் பிள்ளைகள் இறந்த இரு வீடுகளில் இந்தப் புத்தகம் இருந்தது. கோபத்தோடு அடிக்கச் சொல்லவில்லை என்று நூலாசிரியர் மறுத்தார். அந்த மறுப்பையும் சொல்வதுதான் நியாயம்.

இத்தனைக்கும் அடிப்படை நீதிமொழிகள் ஆகமத்தில் கோல் பற்றி வரும் நாலைந்து வசனங்கள். கோலை எடுக்காத தகப்பன் மகனைப் பகைக்கிறவன் என்னும் கருத்துடைய 13:24 அவற்றுள் முதன்மையானது.

ஒரு சொல், பல கோல்

அம்மையாரிடம் தமிழ் வேதாகமத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். 1871-இல் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பு அது. சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868-இல் அச்சேற்றிய அதே பவர் ஐயர்தான். ஆகவே நம்மவருக்கு அவர் அயலார் அல்லர்.

நீதிமொழிகளில் வரும் எபிரேயச் சொல் 'ஷேபெத்'. தமிழில் அங்கே 'பிரம்பு' என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் மேய்ப்பன் கையில் இருந்து ஆறுதல் தருவதும் அதே ஷேபெத். அங்கே அது 'கோல்'. ஆதியாகமத்தில் யூதாவின் 'செங்கோல்' அதே சொல். லேவியராகமத்தில் ஆடுமாடுகளைப் பத்துக்கு ஒன்றாக எண்ணிப் பிரிக்கும் கோலும் அதே சொல். ஏசாயாவில் சீரகத்தை நசுங்காமல் அடித்தெடுக்கும் குச்சிக்கும் அதே சொல்தான்.

தமிழறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. நம் 'கோல்' என்னும் சொல்லும் இப்படித்தானே? செங்கோல், ஊன்றுகோல், எழுதுகோல், அளவுகோல், மாட்டை ஓட்டும் தார்க்கோல். பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்குச் சொன்ன உவமைகளில் ஒன்று நிறைகோல், அதாவது தராசு. நீதிமொழிகளிலும் 'கோல்' என்றே போட்டிருந்தால் தமிழ்க் கிறித்தவத் தகப்பன் கொஞ்சம் நின்று யோசித்திருப்பான். 'பிரம்பு' என்றதும் அவனுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் நினைவுதான் வரும். அதே வசனத்தின் கடைசியில் உள்ள 'மூசார்' என்னும் சொல்லும் அப்படியே. நான்காம் அதிகாரத்தில் அது தகப்பனின் 'போதகம்'. பதின்மூன்றாம் அதிகாரத்தில் அது தண்டனை ஆகிவிட்டது.

நூலின் குறை

இதுவரை சியர்ஸ் கட்சிக்குச் சாதகமாகப் பேசினேன். இனி மாறாகவும் பேச வேண்டும்.

மேய்ப்பன் கோல் ஆட்டை அடிக்க அல்ல, ஓநாயை விரட்டவும் வழிகாட்டவுமே என்று இக்கட்சியினர் வாதிடுகின்றனர். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பிரம்பால் அடிப்பதால் பிள்ளை செத்துவிடமாட்டான் என்ற கருத்து 23-ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. அங்கே கோலை உவமை ஆக்க முடியாது. பழைய நூலில் அடி இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. உரைகாரன் மூலத்தைத் திருத்தக் கூடாது. நம் நூல்களுக்கு உரை எழுதினாலும் இதே விதிதான்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் வில்லியம் வெப் என்னும் கனடா நாட்டு அறிஞர். 2011-இல் வேதாகமத்தில் உள்ள உடல் தண்டனை பற்றித் தனி நூலே எழுதினார். அவர் கேட்பது எளிய கேள்வி. நீதிமொழிகளை அப்படியே பின்பற்றுவதாகச் சொல்கிறவர்கள் முதுகில் அடிக்கிறார்களா? தழும்பு விழும்படி அடிக்கிறார்களா? அந்நூல் இரண்டையும் சொல்கிறதே. இல்லை, பின்புறத்தில் இரண்டு தட்டு மட்டும் என்கிறார்கள். அப்படியானால் அவர்களும் மூலத்தை விட்டு இரக்கத்தின் பக்கம் நடந்து வந்துவிட்டவர்களே. மீதியுள்ள தூரத்தையும் நடந்தால் என்ன என்கிறார் வெப். தகப்பன்மாரே, பிள்ளைகளுக்குக் கோபமூட்டி மனம் தளரச் செய்யாதீர்கள் என்ற பொருளில் பவுல் எழுதியதும், இயேசு குழந்தைகளை அணைத்து ஆசீர்வதித்ததும் அந்த வழியில் உள்ள மைல்கற்கள். இந்த வாதம் எனக்குச் சியர்ஸ் வாதத்தைவிட உறுதியாகப் படுகிறது.

இரண்டாவது குறை நம் வீடுகளைப் பார்த்தாலே தெரியும். சியர்ஸ் சொல்லும் முதல் பாதி முழுவதும் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. தாய்ப்பால் உண்டு, இடுப்பில் சுமத்தல் உண்டு, தூளி உண்டு, பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்குவதும் உண்டு. (ஒரே படுக்கையில் கைக்குழந்தையைக் கிடத்துவதில் ஆபத்துண்டு, அதே அறையில் தனிப் படுக்கையே நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பிற்பாடு சொல்லியிருப்பதையும் இளந்தாய்மார் கவனிக்க.) இத்தனை நெருக்கமாக வளர்த்த பிள்ளையைத்தான் ஐந்து வயதானதும் 'அடியாத மாடு படியாது' என்று சொல்லி அடிக்கிறோம். தூளி கட்டின அதே உத்தரத்தில் பிரம்பும் செருகியிருந்தது. ஆக, குழந்தையில் அணைத்தால் பின்னால் அடி தானாக நின்றுபோகும் என்பது சரியில்லை. அடிக்கக் கூடாது என்று தனியாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, இத்தனை வேலையும் பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. ஊரில் என்றால் பாட்டி, அத்தை, சித்தி என்று பத்துக் கை இருக்கும். இங்கே இரண்டு அறை வீட்டில், புருஷன் இரவு ஒன்பது மணிக்கு ரயில் பிடித்து வருகிற குடும்பத்தில், அந்தப் பெண் எத்தனை நேரம்தான் பொறுமையாக இருப்பாள்? பொறுமைக்கும் துணை வேண்டும். நம் சங்கத்தில் ஞாயிறு தோறும் கூடும் பாட்டிமார் இதை யோசிக்கலாம்.

என் கணக்கு

இனி அந்த விடை. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரத்தை முப்பது ஆண்டாக ஓதி வருகிறேன். இல்லறத்தாருக்குரிய அகிம்சை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்து என்று ஏழாம் அத்தியாயம் சொல்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அதிக பாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். அடித்தல் என்பதற்குப் பூஜ்யபாதர் உரையில் தடி, சவுக்கு, பிரம்பு என்று பெயர் சொல்லியே விளக்கம் இருக்கிறது. இதை வண்டி மாட்டுக்குச் சொன்னது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1999-இல் ஒரு நாள் என் மகன், அப்போது பதினோரு வயது, கடையில் துணியைத் தப்பாக அளந்து வெட்டிவிட்டான். வாடிக்கைக்காரர் சிரித்தார். என் கையில் இருந்த இரும்பு மீட்டர் கோலாலேயே அவன் கையில் ஓங்கி அடித்தேன். அன்று மாலை பொழுது சாய்வதற்குள், தண்ணீரை வடிகட்டிக் குடித்து, விரதம் தவறாமல் சாப்பிட்டேன். ஒரு கிருமிக்கும் தீங்கு செய்யவில்லை. அவன் அதற்குப் பிறகு கடையில் என் பக்கத்தில் வந்து உட்காரவே இல்லை.

போன வருஷம் பேரன் லீவுக்கு வந்தபோது ஏதோ உடைத்தான். நான் கையை ஓங்கினேன். "அப்பா, அவன்மேல மட்டும் கை வைக்காதீங்க" என்றான் மகன். மெதுவாகத்தான் சொன்னான். இந்த நூலைப் படித்து முடித்த பிறகு அவனுக்குப் போன் போட்டு, அன்று வலது கையில் அடித்தேனே, அது தப்பு என்று சொன்னேன். "இடது கைப்பா" என்றான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவனுக்கு எந்தக் கை என்று நினைவிருக்கிறது. எனக்கு இல்லை.

பள்ளிகளில் அடிப்பதைத் தமிழ்நாடு 2003-இல் விதியிலிருந்து நீக்கியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுதும் தடுத்தது. வீட்டுக்குள் அந்தச் சட்டம் வருவதில்லை. வீட்டில் அவரவர் வேதமும் அவரவர் மனசாட்சியும்தான். சியர்ஸ் நூலில் குறை உண்டென்று காட்டினேன். இருந்தாலும் தம் வேதத்தில் உள்ள கடினமான வசனத்தைத் தம் பிள்ளைகளின் எதிரே வைத்து மறுபடி படித்தவர்கள் அவர்கள். நான் என் சூத்திரத்தை அப்படிப் படிக்க, கிறித்தவ அம்மையார் கொடுத்த புத்தகம் தேவைப்பட்டது. வாசகர் எந்தச் சமயத்தவராயினும், தம் நூலையும் அப்படி ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன்.