எது நாட்டாரிசை, எவரது மேடை? விழா நிரல் பற்றிய வாதங்களும் வகைமை எல்லையும்

1. சிக்கல்

நாட்டாரிசை விழா ஒன்றின் கலைஞர் பட்டியல் வெளியானதும் இரசிகரிடையே வாதம் எழுவது வழமை. கானா நாட்டாரிசையுள் அடங்குமா? ராப் பாடகருக்கு அம்மேடையில் என்ன வேலை? திரைப்படத்தாற் பெயர்பெற்ற கிராமியப் பாடகரை இன்னமும் நாட்டார் கலைஞர் என்பது பொருந்துமா? மின் கிற்றாரும் விசைப்பலகையும் வந்த பின் எஞ்சுவது யாது? இவ்வாதங்களைச் சுவை வேறுபாடு என்று ஒதுக்கிவிடுவதே ஆய்வாளர் பலரின் போக்காக இருந்துள்ளது. இரசிகர் கேட்கும் வினா ஆய்வுலகம் விடுக்க மறந்த வினா என்பதே இக்கட்டுரையின் எடுகோள். இசையின் ஒலியைக் குறித்ததாகத் தோன்றும் அவ்வினாவின் அடியில், அவ்விசையைச் சுமந்து வந்த மக்களை நாம் எவ்வாறு அடையாளங் காண்கின்றோம் என்னும் வினா உறைகின்றது. நியூபோர்ட், மரிபோசா, மார்கழியில் மக்களிசை ஆகிய மூன்று விழாக்களின் வழி இதனை நோக்கலாம்.

2. வரைவிலக்கணங்கள்

தமிழ் மரபில் இவ்வெல்லை என்றும் இறுக்கமாக இருந்ததில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் பண்ணத்தியைத் தனியே சுட்டுகின்றது. இளங்கோ வேட்டுவ வரியையும் ஆய்ச்சியர் குரவையையும் குன்றக் குரவையையும் காப்பியத்தின் உறுப்புகளாகவே அமைத்தார். முருகனடியார் காவடி சுமந்து நடந்தபோது எழுந்த சந்தம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தாகி, அங்கிருந்து கச்சேரி மேடையின் இறுதிப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. கும்மியும் நொண்டிச் சிந்தும் கிளிக்கண்ணியும் பாரதியிடம் அரசியற் பாடலாயின. ஈழத்தில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் மேடையேறிய ‘கர்ணன் போர்’ அம்முயற்சியின் தொடக்கங்களுள் ஒன்று. அது கூத்துத்தானா என்ற கேள்வி ஈழத்து அரங்க உரையாடலில் இன்றும் முடிந்தபாடில்லை.

அனைத்துலக அளவில் பெரிதும் எடுத்தாளப்படும் வரைவிலக்கணம் 1954இல் சாவோ பாவுலோவில் கூடிய அனைத்துலக நாட்டாரிசை மன்றம் வகுத்தது. வாய்மொழிக் கையளிப்பு அதன் அடித்தளம். தொடர்ச்சி, வேறுபாடு, சமூகத்தின் தெரிவு என்பன அதன் மூன்று கூறுகள். அதன் இறுதிப்பகுதி இங்கு முதன்மையானது. தனியொருவர் இயற்றிய பாட்டும் சமூகத்தின் வாய்மொழி மரபிற் கலந்துவிடின் நாட்டாரிசையாகலாம். ஆயத்தமாகக் கிடைத்த வெகுசனப் பாட்டை ஒரு சமூகம் மாற்றமின்றி ஏற்றுக்கொண்டால் அது நாட்டாரிசையாகாது. சமூகம் அதனை மீள உருவாக்குவதே நாட்டார்த் தன்மையைத் தருகின்றது. இவ்வரையறையில் கருவி பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை. கிராமத்தைப் பற்றிய நிபந்தனையும் இல்லை. ஆயினும் விழாவுக்கு வருவோர் பெரும்பாலும் கருவியையும் கிராமத்தையுமே அளவுகோலாகக் கொள்கின்றனர். இவ்விடைவெளியிலேதான் வாதங்கள் பிறக்கின்றன.

3. நியூபோர்ட்: எவரது ஒலி?

1965 ஜூலை 25ஆம் நாள் நியூபோர்ட் விழாவில் பொப் டிலன் மின் கிற்றாருடன் மேடையேறியபோது எழுந்த கூச்சல் பலமுறை எழுதப்பட்ட செய்தி. ஒலியமைப்பின் குறைபாடும் நிகழ்ச்சியின் சுருக்கமுமே காரணம் என்போரும் உளர். அதற்கு முந்திய ஒரு நிகழ்வே நம் நோக்கிற்கு உதவுவது. போல் பட்டர்ஃபீல்ட் புளூஸ் குழுவை, நாட்டார் பாடற் சேகரிப்பிற் பெருமை பெற்ற அலன் லோமக்ஸ் ஏளனம் தொனிக்க அறிமுகப்படுத்தினார். அதனாற் சினங்கொண்ட முகாமையாளர் அல்பேட் குரொஸ்மனுக்கும் அவருக்கும் கைகலப்பே நேர்ந்தது.

அக்குழுவின் தாளக் கலைஞர் சாம் லேயும் பாஸ் கிற்றார்க் கலைஞர் ஜெரோம் ஆர்னல்டும் சிக்காகோவின் கறுப்பின இசைஞர். ஹவ்லின் வுல்ஃப் என்னும் புகழ்பெற்ற புளூஸ் பாடகரின் குழுவில் வாசித்தவர்கள். மிசிசிப்பியின் பருத்தி வயல்களிலிருந்து சிக்காகோவின் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்த மக்கள், இரைச்சல் மிகுந்த மதுச்சாலைகளிற் கேட்க வேண்டுமென்பதற்காகத் தம் இசைக்கு மின்னேற்றினர். சமூகத்தின் மீளுருவாக்கம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. அம்மக்கள் வயலில் நின்றவரை அவர்தம் பாடல் நாட்டாரிசையாக மதிக்கப்பட்டது. நகரத்துக்கு வந்ததும் அது வணிக இசையெனப்பட்டது. தூய்மைவாதம் காக்க முனைந்தது இசையையா, அம்மக்கள் இருந்த இடத்தையா என்பது கேட்கத்தக்கது.

எனினும் தூய்மைவாதிகளிடம் மறுக்கவியலாத நியாயம் ஒன்றும் இருந்தது. 1963இல் இலாப நோக்கற்ற அமைப்பாக நியூபோர்ட் மீளத் தொடங்கியபோது, பெயர்பெற்றவர் பெறாதவர் என்ற வேறுபாடின்றிக் கலைஞர் ஒவ்வொருவருக்கும் 50 டொலரும் செலவும் வழங்குவதென முடிவாயிற்று. ஒரு தனிநட்சத்திரத்தின் வருகை அச்சமத்துவத்தைக் குலைக்கும் என்ற அச்சம் பொருளற்றதன்று. அதனை மின்சாரத்தின் மீதான பழியாக மாற்றியதே அவர்தம் பிழை. அப்பழி ரொறன்ரோவுக்கும் வந்தது. இந்நகரின் யங் வீதியில் வாசித்துவந்த ஹோக்ஸ் குழுவைச் சேர்த்துக்கொண்டு 1965 நவம்பர் 14, 15ஆம் நாள்களில் டிலன் மாசி மண்டபத்திற் பாடியபோது, இங்குள்ள இரசிகரில் ஒரு பகுதியினரும் கூச்சலிட்டனர்.

4. மரிபோசா: அளவு என்னும் எல்லை

ஒன்ராறியோவின் ஒறிலியா நகரில் 1961இல் தொடங்கிய மரிபோசா விழாவின் வரலாறு இவ்விவாதத்தை ஒரு படி முன்னே கொண்டுசெல்கின்றது. அவ்வூரிற் பிறந்த கோர்டன் லைட்ஃபுட் இருவர் குழுவாகப் பாடிக்கொண்டிருந்த காலம் அது. வெகுசனப் பாடகரின் சாயல் மிகுதி என்ற காரணத்தால் முதலாம் ஆண்டு அவருக்கு அங்கு இடம் கிட்டவில்லை என்பர். மறு ஆண்டு மேடையேறினார். 1967இல் கனடாவின் புகையிரதப் பாதையையும் 1976இல் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் மூழ்கியதையும் பாடிய அவரது பாடல்கள் இந்நாட்டின் பொதுநினைவாகிவிட்டன. எப்பாடலைச் சமூகம் தனதாக்கிக்கொள்ளும் என்பதை எந்தத் தெரிவுக்குழுவும் முன்கூட்டி அறிந்துவிட இயலாது. தொடர்ச்சி, வேறுபாடு, தெரிவு என்னும் மூன்றும் காலத்தின் பணிகள். நிகழ்ச்சி நிரலால் அவற்றைத் தீர்மானிக்க முடியாது.

1963இல் திரண்ட கூட்டத்தின் குழப்பத்தால் ஒறிலியாவை விட்டு நீங்கிய விழா, 1968 முதல் ரொறன்ரோத் தீவுகளில் நடைபெற்றது. அக்காலத்தில் அதன் கலை இயக்குநராயிருந்த எஸ்டெல் கிளைன், பெருமேடைக்கு மாற்றாகப் பகற்பொழுதிற் சிறுமேடைகள் பலவற்றை அமைத்தார். ஒரே பொருளில் வெவ்வேறு மரபினர் பாடவும், பாடலின் பிறப்பையும் வாசிப்பு முறையையும் கேட்போருடன் உரையாடவும் அங்கு வாய்ப்பிருந்தது. முதற்குடி மக்களின் கலைக்கென 1970களில் அங்கு அமைந்த தனிப்பகுதியை அபெனாகி இனக் கலைஞரும் திரைப்பட இயக்குநருமான அலானிஸ் ஒபொம்சவின் பொறுப்பேற்று நடத்தினார். தம் கலையைத் தாமே தெரிவுசெய்யும் உரிமை அதனால் அம்மக்களுக்குக் கிடைத்தது.

1972இல் டிலன், நீல் யங், ஜோனி மிச்சல், லைட்ஃபுட் ஆகியோர் முன்னறிவிப்பின்றித் தீவுக்கு வந்தனர். யங்கும் மிச்சலும் பாடினர். பார்வையாளராக வந்த டிலனைச் சூழ்ந்த கூட்டத்தால் அவரைப் படகேற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்களது இசை நாட்டாரிசையா என்று அன்று எவரும் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. சிறுமேடையில் நாற்பதுபேர் கேட்க வயலின் வாசிக்கும் முதியவரும் அவர்களும் ஒரே புல்வெளியில் இருக்க இயலாது என்பதே அங்கு புலப்பட்டது. வகைமையின் பெயரால் வகுக்கப்படும் எல்லை உண்மையில் அளவின் எல்லையாக இருக்கலாம் என்பது மரிபோசா தரும் பாடம்.

5. மார்கழியில் மக்களிசை: சாதி என்னும் எல்லை

தமிழகத்துக்கு வரும்போது இவ்வாதம் மேற்குலகம் அறியாத ஒரு பளுவை ஏற்கின்றது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைஞரை மாநகரின் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொணர்ந்தது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கி, சபாக்களின் பருவமாகிய மார்கழிக்கே உரிமை கோரியது. பறை, ஒப்பாரி, கானா, ராப் என்பன அங்கு ஒன்றாக ஒலித்தன. நாட்டார் என்னாது மக்கள் என்று பெயரிட்டமையே ஒரு விமரிசனமாகும். கிராமத்தையும் கடந்த காலத்தையும் நினைவூட்டும் சொல்லை விடுத்து, இன்று வாழும் மக்களை முன்னிறுத்தும் சொல்லை அது தெரிந்துகொண்டது.

கானா நாட்டாரிசையன்று என்போர் அது நகரத்தது என்றும் திரைமெட்டுகளைக் கையாள்வது என்றும் காரணங் கூறுவர். வடசென்னையின் உழைக்கும் மக்கள் திரைமெட்டை எடுத்துத் தம் சொல்லையும் துயரையும் நையாண்டியையும் ஏற்றிச் சாவு வீட்டிற் பாடினர். 1954இன் வரையறை கேட்கும் மீளுருவாக்கம் இங்கு முழுமையாக உள்ளது. சிக்காகோ புளூஸை விலக்கிய அதே காரணமே கானாவையும் விலக்குகின்றது.

பறையின் நிலை இன்னும் கூர்மையானது. இசையை அதன் இயல்பான சூழலிலேயே கேட்கவேண்டும் என்பது நாட்டார் வழக்காற்றியலின் நெடுநாட் கொள்கை. பறையின் ‘இயல்பான சூழல்’ எனப்படுவதில் இழவு வீட்டுக் கட்டாய ஊழியமும் உண்டு. அவ்வூழியத்தை மறுத்துப் பறையை வைத்துவிட்டோரும் உளர். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்களைப்போல அதனை விடுதலைக் கலையாக ஏந்தியோரும் உளர். இந்நிலையில் மேடைப்பறை உண்மைப்பறையன்று எனும் கூற்று, கலைஞரை அவர் விட்டு நீங்கிய வாசலுக்கே திருப்பி அனுப்புவதாகும். தமிழ்ச் சூழலிற் சூழல்சார் தூய்மை பேசுவோர் சாதி பற்றிப் பேசாதிருக்க இயலாது.

6. பெயர் விடுபடல்

எல்லைகளைத் திறந்துவிட்டால் யாவும் தீரும் என்பதும் பொருந்தாது. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ ஒப்பாரியும் ராப்பும் கலந்த பாடல். அதனை எழுதிப் பாடிய அறிவு, மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வைப் பாடலின் ஊற்றாகக் குறிப்பிட்டவர். அவருடன் பாடிய தீயும் இசையமைத்த சந்தோஷ் நாராயணனும் அதன் உருவாக்கத்திற் பங்குடையோர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாத ரோலிங் ஸ்ரோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சன்ட் டி போலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. எதிர்ப்பெழுந்த பின்னர் அவ்விதழ் அறிவுக்கு இணைய அட்டையொன்று வெளியிட்டது. 2022இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அப்பாடல் அறிவின்றி ஒலித்தபோது வாதம் மீண்டும் எழுந்தது.

அப்பாடல் நாட்டாரிசையா, வெகுசன இசையா என்பதில் அன்று எவருக்கும் அக்கறை இருக்கவில்லை. தமிழகத்திலிருந்து மலையகத்துக்கும், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் மீண்டும் தமிழகத்துக்கும் அலைக்கழிக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்தின் பாட்டு உலகைச் சென்றடைந்தபோது, யாருடைய பெயருடன் சென்றது என்பதே வினாவாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் பயின்றோர்க்கு அவ்வினாவின் கனம் விளங்கும்.

7. ரொறன்ரோ: நிரலாக்கத்தின் பொறுப்பு

இவ்வினா ரொறன்ரோத் தமிழருக்குப் புறம்பானதன்று. ஸ்காபரோவிலிருந்து மார்க்கம், ஸ்ரௌவ்வில் என வடக்கு நோக்கிப் பரந்துள்ள நம் குடியிருப்புகளிற் கோடைகால மேடைகளுக்குக் குறைவில்லை. 2015 முதல் மார்க்கம் வீதியில் நடைபெற்றுவரும் தமிழர் தெருவிழா போன்றவற்றிற் பறையொலியைத் தமிழ் அடையாளத்தின் குரலாகவே இளந்தலைமுறை கேட்கின்றது. யாழ்ப்பாணத்திற் பறையறைந்தவர் எந்நிலையில் வைக்கப்பட்டிருந்தார் என்பதை அம்மேடை சொல்வதில்லை. பறை பொதுச்சொத்தாகும்போது அதனைக் காத்தவரின் வரலாறும் பொதுவறிவாக வேண்டும். அஃதின்றேல் நாம் கொண்டாடுவது ஒலியை மட்டுமே.

ஆகவே நிகழ்ச்சி நிரலை மதிப்பிடக் கருவியும் கிராமமும் ஏற்ற அளவுகோல்களாகா. பாடலை ஒரு சமூகம் மீளுருவாக்கியுள்ளதா? அச்சமூகத்தின் பெயர் நிரலில் உள்ளதா? அதன் கலைஞருக்கு உரிய நேரமும் சமமான ஊதியமும் உண்டா? தெரிவுக்குழுவில் அவர்களுக்கு இடம் உண்டா? இந்நான்கு வினாக்களும் நிறைவேறுமாயின் ராப் பாடகரும் அம்பாப் பாடகரும் ஒரே மேடையில் நிற்பதற்குத் தடையில்லை. நிறைவேறாவிடின், பழந்தமிழ்க் கருவிகள் மட்டுமே ஒலிக்கும் மேடையும் நாட்டார் மேடையாகாது.

இதனைச் செயற்படுத்தப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மட்டக்களப்பின் வயற்பாடலையும் கரையோரத்தின் அம்பாவையும் மலையகத்தின் காமன் கூத்துப் பாடலையும் நேரிற் கற்றோர் நம்மிடையே முதுமையடைந்து வருகின்றனர். பெருமேடைக்குப் பக்கத்தில் ஒரு சிறுமேடை, ஒரு ஒலிவாங்கி, பாடலின் ஊரையும் அதனைக் கற்பித்தவரையும் சொல்ல ஒரு மணி நேரம் என்பன போதும். இந்நகரின் தீவுகளில் அவ்வாறு செய்து காட்டியவர்கள் இருந்திருக்கின்றனர்.