காட்டுப்பள்ளி என்று அடித்தால்

மீஞ்சூரில் இல்லாத மீஞ்சூர் நிலையத்திலிருந்து தொடங்குகிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். சென்னையில் குழாயைத் திறப்பவர்களுக்கு அது மீஞ்சூர் நிலையம்தான். ஆனால் அது நிற்பது காட்டுப்பள்ளியில், கடலை ஒட்டி. மீஞ்சூர் ரயில் நிற்கிற ஊர், தெரிந்த பெயர், அதனால் ஒட்டிக்கொண்டது. அதே கரையில் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்தையும் துறைமுகத்தையும் கொண்டுவந்தபோது நேர்மாறாக நடந்தது. காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார்கள். பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. 2018இல் துறைமுகம் அதானி குழுமத்திடம் போனபோது கிரேன், கப்பல்துறை எல்லாவற்றோடும் பெயரும் சேர்ந்தே கைமாறியது.

இன்று தேடுபொறியில் அந்தப் பெயரை அடித்துப் பாருங்கள். துறைமுகம் வரும், கன்டெய்னர் வரும், பங்குச்சந்தைச் செய்தி வரும். கிராமம் வெகு கீழே எங்கோ இருக்கும். இதில் சதி எதுவும் இல்லை. இணையதளம் செய்து பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இயந்திரம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. அதனால்தான் இதை விமர்சனமாக எழுத வேண்டியிருக்கிறது.

'இலக்கியப் பத்திரிகைல எஸ்.இ.ஓ. பத்தி எதுக்குப்பா?' என்று கேட்கலாம். என் பதில் இது: தேடல் முடிவுப் பக்கம்தான் நம் தலைமுறை தினமும் வாசிக்கிற தொகைநூல். தொகுப்பவனுக்கு ஒரு அளவுகோல் எப்போதுமே தேவைப்பட்டிருக்கிறது. குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31. அடியை எண்ணித் தொகுத்தார்கள் என்பதற்காக யாரும் அவர்களைக் குறை சொன்னதில்லை. 1998இல் ஸ்டான்ஃபோர்டில் இரண்டு மாணவர்கள் வைத்த அளவுகோல் வேறு: உன் பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள், அப்படிச் சுட்டுகிறவர்களை யார் சுட்டுகிறார்கள். அதே கட்டுரையின் பின்னிணைப்பில் அவர்களே ஒரு கவலையையும் எழுதிவைத்தார்கள்: விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி, விளம்பரம் தருபவர் பக்கமே சாயும் என்று. இரண்டே வருடத்தில், 2000இல், கூகுள் தன் விளம்பர வியாபாரத்தைத் தொடங்கியது.

விளம்பரத்துக்குக் காசில்லாத தொண்டு நிறுவனங்களுக்கும் கூகுளில் ஒரு வழி உண்டு. மாதம் 10,000 டாலர் மதிப்புள்ள தேடல் விளம்பரம், இலவசம். 2003லிருந்து தருகிறார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் விதிகளை வாசித்தால் இது ஒருவகை யாப்பு என்று புரியும். விளம்பரத்தைப் பார்க்கும் நூறு பேரில் ஐந்து பேராவது சொடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் அது குறைந்தால் கணக்கை முடக்கலாம். இன்னொரு விதி, ஒற்றைச் சொல்லைத் தேடுசொல்லாக வைக்கக்கூடாது. சில விலக்குகள் உண்டு. அதில் ஒன்று, அந்தச் சொல் உங்கள் சொந்தப் பிராண்டின் பெயராக இருந்தால் வைக்கலாம்.

இதை அந்தக் கரையில் வைத்துப் பாருங்கள். மீனவர்களுக்காக வேலைசெய்யும் ஒரு சிறு அமைப்பு இலவசக் கணக்கில் 'காட்டுப்பள்ளி' என்று மட்டும் வைக்க முடியாது. அது ஒற்றைச் சொல், பொத்தாம்பொதுவானது. காசு கொடுத்து விளம்பரம் செய்பவருக்கு இந்தத் தடையே இல்லை. ஊரின் பெயர் ஊருக்காகப் பேசுபவருக்கு வெறும் சொல்லாகவும், ஊரை வாங்கியவருக்குப் பிராண்டாகவும் இருக்கிறது. விதியை எழுதியவர் இந்த ஊரை நினைத்து எழுதவில்லை என்பது நிச்சயம். யாப்புக்கு ஊர் தெரியாது.

அந்த ஐந்து சதவீதம் எழுத்தை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். சாம்பல் கொட்டிய கழிமுகத்தைப் பற்றி யாரும் தேடுவதில்லை, அதனால் யாரும் சொடுக்கவும் மாட்டார்கள். 'சென்னையில் தன்னார்வலர் ஆவது எப்படி', 'கடற்கரை சுத்தம் செய்ய' என்று தேடுபவர்கள் சொடுக்குவார்கள். ஆக, கணக்கைக் காப்பாற்ற நிறுவனம் மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறது. கொசஸ்தலையாற்றின் அடியில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலைப் பேச ஆரம்பித்தவர்கள், பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்கும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு வந்து சேர்வார்கள். யாரும் அவர்களை மிரட்ட வேண்டியதில்லை. மாதாமாதம் வரும் அறிக்கை போதும்.

சரி, பக்கங்களை வாசிப்போம்.

எந்தத் துறைமுகத்தின் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது கப்பலிலிருந்து கரையைப் பார்க்கிற எழுத்து. நீரின் ஆழம் எத்தனை மீட்டர், எத்தனை கப்பல் ஒரே நேரத்தில் நிற்கலாம், நெடுஞ்சாலை எவ்வளவு தூரம், ரயில் உண்டா. படங்கள் எல்லாம் டிரோனில் எடுத்தவை, மனிதர்கள் புள்ளியாகக்கூடத் தெரியமாட்டார்கள். நிலம் என்பது சரக்கு வந்துசேரும் பின்னிலம் மட்டும். இதைக் கிண்டலடிப்பது சுலபம். ஆனால் கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும், எழுத்தாக இதுவே மேல். தன் வாசகர் யார் என்று இந்தப் பக்கத்துக்குத் தெரியும். சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கும் ஒரு கப்பல் ஏஜென்ட் பத்து வினாடியில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இப்போது தொண்டு நிறுவனப் பக்கம். பெயர் சொல்லவில்லை, ஒரே மாதிரி நூறு இருக்கின்றன. மேலே அகலமாக ஒரு படம்: சூரிய அஸ்தமனம், படகு, முதுகு காட்டி நிற்கும் ஒரு மீனவர். கீழே உருட்டினால் மூன்று எண்கள் பூஜ்யத்திலிருந்து ஓடி ஏறும். அப்புறம் நன்கொடைப் பொத்தான். எல்லாம் ஆங்கிலத்தில். ஈரநிலம், மீள்திறன், பங்குதாரர் என்ற சொற்களின் ஆங்கில மூலங்கள். படத்தில் முதுகு காட்டி நிற்பவர் திரும்பிப் பார்த்தால் அவரால் வாசிக்க முடிந்தது என்று ஒரு வரியும் இருக்காது. நல்லவர்கள் செய்த பக்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் வாசகர் பெங்களூரிலோ லண்டனிலோ இருக்கிற, காசு தரக்கூடிய ஒருவர். துறைமுகப் பக்கம் கரையைக் கப்பலுக்கு விற்கிறது என்றால் இது கரையை நிதி தருபவருக்கு விற்கிறது. கரையில் இருப்பவருக்கு இரண்டிலும் சொல்ல எதுவுமில்லை.

அந்தக் கரைக்கென்று சொற்கள் இல்லாமலா? பழவேற்காட்டில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடலாம் என்று முறைவைக்கும் ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். இதைப் பற்றிச் சிரத்தையான ஆய்வுகள் உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் 'பாடு' என்று அடித்தால் இயந்திரத்துக்கு முன்னால் பாட்டு இருக்கிறது, படாத பாடு இருக்கிறது. அதிகம் பேர் கேட்பது எதுவோ அதைத்தான் அது எடுத்துத் தரும். மீன்பிடி முறையைச் சொல்லும் நாலு நல்ல தமிழ்ப் பக்கங்கள் இருந்தால் அது கற்றுக்கொள்ளும்.

சில வருடங்களுக்கு முன் திருவொற்றியூரில் ஒரு லாரி உரிமையாளருக்குத் தளம் செய்துகொடுத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, காட்டுப்பள்ளின்னு அடிச்சா நம்ம பேரு மேல வரணும். மத்த டிசைன் எல்லாம் நீ பாத்துக்க." வேலை பிடித்திருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஊரில், ஓட்டுநர்களுக்கும் ஏஜென்ட்டுகளுக்கும் உண்மையில் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். காலி கன்டெய்னரை எங்கே திருப்பித் தருவது, கேட் எப்போது திறக்கும், என்னென்ன காகிதம் வேண்டும். பக்கம் மேலே வந்தது.

எந்தத் தேடல்களில் ஒரு தளம் காட்டப்பட்டது என்ற பட்டியலைக் கூகுள் தளக்காரருக்குத் தரும். 2021 தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் லாரிக்குச் சம்பந்தமே இல்லாத சில வரிகள் தமிழில் வந்திருந்தன. காட்டுப்பள்ளி கருத்துக்கேட்பு எப்போது. காட்டுப்பள்ளி கூட்டம் எங்கே. யாரோ கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல ஒழுங்கான பக்கம் ஒன்று இல்லாததால் கேள்வி தெருத்தெருவாக அலைந்து ஒரு லாரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றிருக்கிறது.

அவர்கள் தேடியது துறைமுக விரிவாக்கம் பற்றிய கூட்டம். 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,110 ஏக்கர், ஆண்டுக்கு சுமார் 2.5 கோடி டன் சரக்கிலிருந்து 32 கோடி டன் என்ற திட்டம். கடலைத் தூர்த்து எடுக்கும் நிலமும் அதில் சேர்த்தி. 22 ஜனவரி 2021 என்று தேதி வைத்தார்கள், தள்ளிப்போனது. 5 செப்டம்பர் 2023 என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. இப்படியொரு கூட்டத்துக்கு 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு தர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் இருக்க வேண்டும், இணையத்திலும் போட வேண்டும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் போதும். நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும் ஒரு நூலின் பின்னட்டைக் குறிப்பை மட்டும் கொடுத்து, கருத்து சொல்லுங்கள் என்று கேட்பதுபோல.

அந்தச் சுருக்கம் எப்படி இருக்கும் என்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. இது கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் அலுவலகங்களில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் பழக்கம் எளிதில் போகவில்லை. அந்த எழுத்துருக்களில் திரையில் தமிழ் தெரியும். உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகளும் விசித்திரக் குறிகளும். அப்படிச் செய்த பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள், குப்பையாக வரும். தேடுபொறி வாசிப்பதும் அந்தக் குப்பையைத்தான். இல்லையென்றால் காகிதத்தில் அச்செடுத்து முத்திரை குத்தி, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பார்கள். அது வெறும் படம். சட்டப்படி ஆவணம் இணையத்தில் இருக்கிறது. தேடுபவருக்கு மட்டும் இல்லை. இரண்டு வாக்கியமும் ஒரே நேரத்தில் உண்மை.

இருந்தும் வட சென்னை ஒரு சொல்லை மீட்டிருக்கிறது. 2017 ஜனவரியில் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்': கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் முகமூடியோடு நின்று பாடியது. வசைச்சொல்லாகத் தேய்ந்துபோன 'புறம்போக்கு', பொதுநிலம் என்ற பழைய அர்த்தத்தோடு ஆயிரக்கணக்கானவர் திரையில் திரும்பி வந்தது. இதற்கு முன்பு 2015இல் சோஃபியா அஷ்ரஃப் கொடைக்கானல் பாதரசக் கழிவைப் பற்றிப் பாடியபோது நிக்கி மினாஜின் மெட்டை எடுத்துக்கொண்டார். 2016 மார்ச்சில் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கைக்கு வந்தது. தெரிந்த மெட்டில் ஏறித் தெரியாத செய்தியைக் கொண்டுபோவது, தெரிந்த தேடுசொல்லில் ஏறிச் சரக்கை விற்பது, இரண்டும் ஒரே உத்திதான். அதனால் பாட்டு ஒன்றும் தாழ்ந்துவிடவில்லை. அதே 2017இல் எண்ணூர் செயற்பாட்டாளர்கள் இரண்டு வரைபடங்களைப் பொதுவெளியில் வைத்தார்கள். 1996 வரைபடத்தில் 6,469 ஏக்கர் இருந்த கழிமுகம் பின்னால் வந்த வரைபடத்தில் காணோம் என்பது குற்றச்சாட்டு. என் பார்வையில் பாட்டைவிட இதுவே நல்ல வடிவமைப்பு. வாதம் தேவையில்லை, இரண்டையும் பார்த்தால் போதும்.

ஆனால் பாட்டும் வரைபடமும் வெளியே இருப்பவரை உள்ளே பார்க்கவைக்கின்றன. உள்ளே இருப்பவருக்கு நள்ளிரவில் தேவைப்படுவது வேறு. 26 டிசம்பர் 2023 இரவு, கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சில மாதம் கழித்து அந்தப் பக்கத்து அக்கா ஒருவரிடம் பேச நேர்ந்தபோது, அன்றைக்கு ஃபோனில் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். "மைக்கை அமுக்கி கேட்டேன்பா, எண்ணூர்ல கேஸ் வாசன வருது, எந்தப் பக்கம் போறதுன்னு. சமையல் கேஸ் சிலிண்டர் புக் பண்றத காட்டுச்சு."

அந்தக் கேள்விக்குப் பதில் நாலே வரிதான். காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போங்கள். துணியைத் தண்ணீரில் நனைத்து மூக்கையும் வாயையும் மூடுங்கள். கண் எரிந்தால் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். படமில்லாமல், ஓடும் எண்கள் இல்லாமல், பழைய ஃபோனில்கூட ஒரு வினாடியில் திறக்கும். தலைப்பில் அந்த அக்கா கேட்ட சொற்கள் அப்படியே இருக்க வேண்டும்: எண்ணூர், கேஸ் வாசனை, எந்தப் பக்கம். இதற்குப் பெயரும் எஸ்.இ.ஓ.தான். என் துறையில் யாரும் இதற்கு விருது தருவதில்லை, ஏனென்றால் பார்க்க இது ஒன்றுமே செய்யாததுபோல இருக்கும்.

கருத்துக்கேட்புக்கு அடுத்த தேதி வருகிறபோது சட்டம் தரும் 30 நாளில் ஒரு பக்கம் செய்ய ஒரு மாலை போதும். சுருக்கத்தை யூனிகோடில் தட்டச்சு செய்ய நாலு பேர் வேண்டும், இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் அதற்கு ஆள் கிடைக்கும். பக்கத்தின் தலைப்பை அந்த லாரி ஆபீஸ் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: காட்டுப்பள்ளி கருத்துக்கேட்பு எப்போது, கூட்டம் எங்கே.