ஓர்வெல்லின் குசினியும் எங்கள் குசினியும்

'கோப்பை கழுவுறது' என்ற சொல் எங்கள் புகலிட வாழ்வில் ஒரு தொழிலின் பெயராக இருப்பதைவிட ஒரு வசையாகவே அதிகம் புழங்குகிறது. 'அங்கை போய்க் கோப்பைதானே கழுவுறார்' என்று ஊரில் சொல்கிறார்கள். இங்கே எங்களுக்குள் சண்டை வந்தாலும் முதலில் எடுத்து எறியப்படும் கல் அதுதான். ஆனால் இந்த வேலையை நடுவில் வைத்து எழுதப்பட்ட ஒரு நூல் ஆங்கில இலக்கியத்தில் உண்டு. எழுதியவரும் பாரிசில்தான் கோப்பை கழுவினார். ஜோர்ஜ் ஓர்வெல்லின் 'டவுன் அண்ட் அவுட் இன் பாரிஸ் அண்ட் லண்டன்' 1933இல் வெளிவந்தது. எங்கள் இயக்க அரசியலைத் திட்டுவதற்காக 'விலங்குப் பண்ணை'யையும் '1984'ஐயும் ஓயாமல் துணைக்கழைக்கும் எம்மவர்கள் இந்த நூலின் பக்கம் வருவது அரிது. குசினிக்குள் நிற்பவர்களாகிய நாங்கள் வாசித்தோம். வாசித்ததிலிருந்து எழுந்த சில கேள்விகளே இக்கட்டுரை.

ஓர்வெல் 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். 1922 முதல் 1927 வரை பர்மாவில் பிரித்தானியப் பேரரசின் பொலிஸ் அதிகாரி. அந்த வேலையை உதறிவிட்டு 1928இல் பாரிஸ் வந்தார். கையிலிருந்த காசு தீர்ந்து, உடுப்புகளை அடகு வைத்து, பொறிஸ் என்ற ரஷ்ய அகதியின் துணையுடன் பெரிய ஹோட்டலொன்றின் நிலவறைக்குள் வேலைக்குப் போனார். நூலில் அதற்கு 'ஹோட்டல் எக்ஸ்' என்று பெயர். அங்கே நாளொன்றுக்கு 11 மணித்தியாலம். சாப்பாட்டு அறையின் கோப்பைகளும் சேர்ந்தால் 14. அதன்பின் போன சிறிய ரெஸ்ரோரண்டில் காலை 7 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு கழியும்வரை, பதினேழரை மணித்தியாலம்.

நூலின் பலம் அது குசினியை ஒரு சமூகமாகப் பார்ப்பதில் இருக்கிறது. தலைமைச் சமையற்காரருக்கு மாதம் சுமார் 5000 பிராங். கோப்பை கழுவுபவருக்கு 750. அவருக்கும் கீழே கோப்பி, தேநீர் தயாரிக்கும் அறையில் நின்ற ஓர்வெல்லுக்கு 500. யார் எங்கே இருந்து சாப்பிடுவது, யார் யாரை 'நீ' என்பது எல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. மீசைக்குக்கூட விதி உண்டு. சமையற்காரர் மீசை வைக்கலாம்; வெயிற்றர் வைக்கக்கூடாது; வெயிற்றருக்கு இல்லாததைக் கோப்பை கழுவுபவர் வைத்திருக்கலாமா? ஓர்வெல்லும் மீசையை மழித்துக்கொண்டுதான் வேலை செய்தார்.

இந்த இடத்தைப் பிரெஞ்சு வாசகர் ஒரு வேடிக்கையாகக் கடந்து போகலாம். எங்களால் முடியவில்லை. யார் மேலுடம்பை மூடலாம், யார் எந்தப் பேணியில் தேநீர் குடிக்கலாம் என்று விதி வைத்திருந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நாங்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மறியல் நடந்தது எங்களது முந்திய தலைமுறையின் காலத்தில்தான்.

இன்றைய பாரிஸ் குசினிகளில் மீசைக்குத் தடை இல்லை. ஆனால் அடுக்கு அப்படியே இருக்கிறது. ஓர்வெல்லின் ஹோட்டலில் சமையற்காரர் பிரெஞ்சுக்காரர், வெயிற்றர்கள் இத்தாலியரும் ஜேர்மனியரும், கோப்பை கழுவியோர் ஐரோப்பாவின் எல்லா இனத்தவரும் அரபுக்களும் கறுப்பர்களும். இப்போது அதே தொட்டியடியில் எங்களோடு மாலிக்காரரும் வங்காளதேசத்தவரும் நிற்கிறார்கள். ஆட்கள் மாறியிருக்கிறார்கள், தொட்டி மாறவில்லை.

இதுவரை ஓர்வெல்லுடன் எங்களுக்குப் பிணக்கில்லை. பிணக்கு அவர் முடிவுகளைச் சொல்லத் தொடங்கும் இடத்தில் வருகிறது. கோப்பை கழுவுபவர் ஒரு நவீன அடிமை என்கிறார். அவருடைய உழைப்பு ஆடம்பரத்துக்காக வீணாகிறது என்கிறார். நம்மூர் ரிக்‌ஷாக்காரரை உதாரணம் காட்டுகிறார். இந்தத் தொழிலாளர்கள் சிந்தித்தால் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்திருப்பார்கள். சிந்திக்க ஓய்வில்லை, அதனால் செய்யவில்லை என்கிறார். அவர் பார்த்த தொழிலாளியின் வாழ்க்கை வேலை, தூக்கம், சனிக்கிழமை இரவுக் குடி என்ற வட்டம். குடும்பமுமில்லை, எதிர்காலமுமில்லை.

எங்கள் குசினியில் நிற்பவர் இதற்கு நேரெதிர். அவருக்கு எதிர்காலத்தைத் தவிர வேறெதுவுமில்லை. அவர் கழுவும் ஒவ்வொரு கோப்பையும் முன்கூட்டியே விற்கப்பட்டுவிட்டது. முதல் ஆண்டுகளின் சம்பளம் ஏஜென்சிக்காரருக்குக் கொடுக்க வாங்கிய வட்டிக் கடனுக்கு. அடுத்தது தங்கையின் சீதனத்துக்கு. பிறகு தம்பியை எடுப்பதற்கு. பிறகு ஊரில் ஒரு வீடு, அதில் குடியிருக்க ஆளில்லாவிட்டாலும். வங்கி அவரை ஆளாக மதிக்காததால் சீட்டில் சேருகிறார். அவசரமென்றால் பெருந்தொகையைக் கழிவு விட்டு முதல் மாதமே சீட்டை எடுக்கிறார். மிச்ச மாதங்களெல்லாம் கட்டியாக வேண்டும். காசு உண்டியலில் ஊருக்குப் போகிறது. சம்பளத் தொகையை மட்டும் பார்த்தால் இவரும் ஓர்வெல்லின் தொழிலாளியும் ஒருவரே. சம்பளம் போகும் வழியைப் பார்த்தால் இருவரும் வேறு வேறு மனிதர்கள்.

ஆகவே, இவர் வேலைநிறுத்தம் செய்யாததற்குக் காரணம் சிந்திக்க ஓய்வில்லாதது அல்ல. இவர் இரவு முழுவதும் கணக்குப் பார்த்துச் சிந்தித்துக்கொண்டுதான் இருக்கிறார். சீட்டுக் கட்ட வேண்டியவர் ஒரு மாதச் சம்பளத்தைப் பணயம் வைக்கமாட்டார்.

இன்னொன்றையும் ஓர்வெல் காணவில்லை. காண அவருக்கு வாய்ப்புமில்லை. அவருடைய முதலாளி அவருக்கு அந்நியர். லா சப்பலிலும் அதைச் சுற்றியும் எங்களில் பலருக்கு முதல் வேலை தந்தவர் ஊர்க்காரர். அவரை 'முதலாளி' என்று கூப்பிடும் வழக்கமில்லை, 'அண்ணை' என்போம். படுக்க இடம் தந்தவர், மொழி தெரியாத நாளில் பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட வந்தவர். அதே அண்ணைதான் மாத முடிவில், 'தம்பி, நீ எங்கட பெடியன், உனக்கென்ன கணக்கு' என்று சொல்லிக் குறைத்துத் தருகிறார். அந்நியரிடம் சம்பளத்துண்டு கேட்கலாம். அண்ணையிடம் கேட்டால் நன்றி கெட்டவன்.

இதன் விலை சாதாரணமானதல்ல. 1991 செப்ரெம்பரில் வந்த ஒரு சுற்றறிக்கையால், அகதி மனுவின் முடிவுக்காகக் காத்திருப்போர் அதுவரை பெற்றிருந்த வேலை செய்யும் உரிமையை பிரெஞ்சு அரசு பறித்தது. அன்றிலிருந்து எங்களில் ஒரு பகுதியினருக்குக் 'கறுப்பு' வேலையே விதியாயிற்று. 2012 நவம்பரில் வந்த இன்னொரு சுற்றறிக்கை, விசா இல்லாதவர்களும் நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளையும் செய்த வேலையையும் காட்டி விசாக் கேட்க வழி விட்டது. அங்கே பேசியது சம்பளத்துண்டு. பல ஆண்டுகள் அண்ணையின் குசினியில் நின்றவரிடம் காட்ட ஒரு துண்டும் இல்லை. 2025 ஜனவரியில் அந்தச் சுற்றறிக்கையும் நீக்கப்பட்டு விதிகள் இறுகின. பாசம் கணக்கில் வராது என்று யாரும் சொல்லவேண்டாம். அது ஒருவருடைய விசாக் கோப்பில் வெற்றிடமாக வந்திருக்கிறது.

சாதியின் கதையும் இப்படித்தான். தொட்டியடியில் சாதி இல்லை என்று பெருமைப்படுகிறோம். கொதிநீர் எல்லோருடைய கையையும் ஒரே மாதிரித்தான் அவிக்கிறது. ஆனால் அந்தக் கையால் உழைத்த காசு கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது சாதியைத் தேடித்தான் போகிறது. மாப்பிள்ளையின் தொழில் அங்கே 'பிரான்ஸ்' என்ற ஒரே சொல்லால் முடிந்துவிடுகிறது. எந்தக் குசினி, எத்தனை மணித்தியாலம் என்று எவரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. கோட் போட்டு எடுத்த படம்தான் ஊருக்குப் போகிறது.

எங்கள் புகலிட இலக்கியத்தின் குறையும் இங்கேதான் தொடங்குகிறது என நினைக்கிறோம். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) ஓர் அகதி மனுவையே இலக்கிய வடிவமாக்கியது. பொ. கருணாகரமூர்த்தி 'பெர்லின் இரவுக'ளில் ராக்சி ஓட்டியவரின் இரவுகளை எழுதினார். இவற்றை மறக்கவில்லை. எனினும் மொத்தமாகப் பார்த்தால் எங்கள் கதைகளில் போர் இருக்கிறது, பனைமரம் இருக்கிறது, பனி இருக்கிறது. வேலை பெரும்பாலும் ஒரு வாக்கியமாக வந்து போகிறது. 'வேலை முடிந்து களைத்து வந்தான்' என்று கதை தொடங்கும். எந்த வேலை? எதனால் களைப்பு? வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் எதை மறைத்தோமோ, அதையே கதையிலும் மறைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஓர்வெல்லால் மறைக்காமல் எழுத முடிந்ததற்குக் காரணம் துணிச்சல் மட்டுமல்ல. அவருக்குத் திரும்பிப் போக லண்டன் இருந்தது. அவருடைய மாமி ஒருவரும் அக்காலத்தில் பாரிசிலேயே வாழ்ந்தார். கோப்பை கழுவியதால் அவருடைய தங்கையின் கல்யாணம் குழம்பப் போவதில்லை. வறுமை அவருக்கு ஒரு காலப்பகுதி. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, பத்தாண்டுகளாகத் தொட்டியடியில் நிற்பவருக்கு அது வாழ்க்கை. வெட்கத்துக்கும் ஒரு பொருளாதாரம் உண்டு. இழக்க ஏதுமில்லாதவரும் எல்லாம் உள்ளவரும் வெட்கப்படுவதில்லை; கடன்பட்டவர் வெட்கப்படுகிறார்.

ஓர்வெல் குசினியை முழுதாக எழுதினார். தொழிலாளி அதற்குள் கொண்டுவந்த கடனையும் உறவையும் எழுதவில்லை. நாங்கள் உறவையும் ஊரையும் எழுதுகிறோம், குசினியை விட்டுவிடுகிறோம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால்தான் எங்கள் வாழ்க்கை இலக்கியமாகும். அதற்கு மேதைகள் தேவையில்லை. சீட்டுக் கொப்பியும், கொடுக்கப்படாத சம்பளத்துண்டும், திங்கட்கிழமை ஓய்வு நாளில் ஊருக்கு எடுத்த தொலைபேசியில் சொல்லாமல் விட்ட வசனங்களும் எங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. இந்தச் சஞ்சிகையை இரவு மெற்றோவில் வாசித்துக்கொண்டு வீடு திரும்புபவர்கள் அவற்றை எழுதவேண்டும். அண்ணைமார் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.