ஆடு பாம்பே: மின்கிதாரில் ஏறிய சித்தர் மரபு

காரக்கோணம், பாறசாலைப் பக்கத்து நம் வீடுகளில் பிள்ளைங்க கேட்கிற ராக் இசையை 'வெறும் இரைச்சல்' என்று பெரியவர்கள் ஒதுக்குவது வழக்கம். அப்படி ஒதுக்கக் கூடாத தொகுப்பு ஒன்று உண்டு என்பது என் கருத்து. திருவனந்தபுரத்தில் 2003-ல் உருவான 'அவியல்' குழு, 2008-ல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பம் அது.

டோனி ஜான் பாட்டு, ரெக்ஸ் விஜயன் கிதார், மிதுன் புத்தன்வீட்டில் டிரம்ஸ். ராக் என்றாலே ஆங்கிலம் என்றிருந்த காலத்தில் இவர்கள் மலையாளத்தில் பாடினார்கள்.

இதில் 'ஆடு பாம்பே' நமக்கு ரொம்ப நெருக்கம். ஸ்ரீ நாராயண குருவின் 'குண்டலினிப் பாட்டு' அதன் மூலம். நெய்யாற்றங்கரை வட்டத்து அருவிப்புரத்தில் 1888-ல் சிவப் பிரதிஷ்டை செய்த குரு, தமிழிலும் தேவாரப் பதிகங்கள் இயற்றியவர். பாம்பை விளித்துப் பாடும் முறையோ நம் பாம்பாட்டிச் சித்தருடையது. அது மலையாளமாகி, மின்கிதாரில் ஏறி, நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. சரக்கு நம்ம சரக்குதானே!

குறையும் சொல்ல வேண்டும். கிதாரும் டிரம்ஸும் ஓங்குமிடத்தில் சொல் அமுங்கிப்போகிறது; சித்தர் மரபுக்குச் சொல்தான் உயிர். ஆனாலும் அடி மடங்கி மடங்கி வரும்போது ஏறுகிற வேகம் எனக்கு மகுடியையே நினைவூட்டுகிறது.

1956-ல் எல்லை பிரித்தபோது நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. பாட்டுக்கு அந்தக் கோடு தெரியாது. தமிழிலும் 2018-ல் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராக்கையும் சேர்த்து மேடையேற்றியது.

எனவே, 'அதை நிறுத்துடா' என்பதற்கு முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருதரம் கேளுங்கள். பாம்பாட்டிச் சித்தர் யாரென்று சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல வேளை வாய்க்காது.