ஓநாய்க் குலத்தின் முதற்சட்டம்

களத்திலே தோளோடு தோள் நின்றனர் இருவர். அவள் வீழ்ந்தபோது அவன் தாங்கினான். அவன் குருதி சிந்தியபோது அவள் காயம் கட்டினாள். பகை ஒன்று, பசி ஒன்று, படுக்கக் கிடைத்த புல்தரையும் ஒன்று. திங்கள் சில சென்றன, காதல் அரும்பிற்று. அரும்பாதிருந்தால் அன்றோ வியப்பு! ஆனால் மன்றம் கூடிற்று. மூத்தோர் முகம் சுளித்தனர். முன்னோர் வகுத்த முதற்சட்டத்தை மீறினீர் என்றனர். காதலர் இருவருக்கும் ஒரு வசைப்பெயர் சூட்டினர். பிறக்கப்போகும் குழந்தைக்கு, அது பிறக்கும் முன்னரே, வேறொரு வசைப்பெயரை எடுத்து வைத்தனர்.

எந்த நாட்டில் நடந்தது இது என்று கேட்பீர். எந்த நாட்டிலும் அன்று. ஒரு மேசையின்மேல் நடப்பது.

அமெரிக்க நாட்டில் 'ஒயிட் வுல்ஃப்' என்னும் பதிப்பகம் 1992-ஆம் ஆண்டு 'வேர்வுல்ஃப்: தி அபாக்கலிப்ஸ்' என்றொரு ஆட்டநூலை வெளியிட்டது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதைசொல்லி, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவர், சினப்பர், காதலிப்பர், மடிவர். வெற்றியா தோல்வியா என்பதைப் பத்து முகப் பகடைகள் சொல்லும். நாடகமா, சூதா, கதையா என்றால் மூன்றின் சாயலும் உண்டு. பணயம் மட்டும் இல்லை. பாத்திரங்கள் எல்லாம் ஓநாய் மனிதர்கள். 'கரூ' என்பது அவர்கள் இனப்பெயர்; பிரெஞ்சு மொழியில் ஓநாய் மனிதனைக் குறிக்கும் 'லூ-கரூ' என்ற சொல்லிலிருந்து வந்தது.

ஆட்டந்தானே, இதற்கு எதற்குத் திறனாய்வு என்பார் உளர். புராணமும் ஒருகாலத்தில் பொழுது போக்கத்தான் சொல்லப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

கரூக்களின் மணமுறையைக் காண்போம். கரூ ஆணும் கரூ பெண்ணும் கூடலாகாது. துணை தேடுவதானால் மனிதரிடம் தேட வேண்டும், அல்லது காட்டு ஓநாயிடம் தேட வேண்டும். அதிலும் எல்லா மனிதரும் ஆகார். கரூவின் குருதி கலந்த, ஆனால் உருமாறும் ஆற்றல் வாய்க்காத குடும்பங்கள் சில உண்டு. 'கின்ஃபோக்' என்பர் அவர்களை. உறவினம் என்று வைத்துக்கொள்வோம். பிற மனிதர் கரூவின் போர் வடிவத்தைக் கண்டால் அறிவு கலங்கி ஓடுவர், உறவினத்தார் கலங்கார். ஆகவே அவர்கள் வீட்டில் பெண் கொள்வதும் மாப்பிள்ளை எடுப்பதும் வழக்கமாயிற்று. அந்த மணத்தில் பிறக்கும் பிள்ளைகளிலும் சிலரே கரூ ஆவர். பலர் மீண்டும் உறவினமே. எனவே இன்னும் பிள்ளை, இன்னும் பிள்ளை என்ற நச்சரிப்பு! சில குலங்கள் உறவினத்தாரை அன்போடு நடத்துகின்றன. சில குலங்களோ பட்டியில் கட்டிய பசுவாக நடத்துகின்றன. இதை நூல்களே மறைக்காமல் சொல்கின்றன. அந்த நேர்மையைப் பாராட்டுவோம்.

பிறந்த இரவில் வானில் எந்தப் பிறை நின்றதோ அதுவே பிள்ளையின் தொழிலையும் முடிவு செய்கிறது. முழுநிலவில் பிறந்தவன் போர்வீரன். அரைநிலவில் பிறந்தவன் நடுவன். நிலவற்ற இரவில் பிறந்தவன் குறும்பன். சாதகம் கணிப்போருக்கு அங்கும் பிழைப்புண்டு போலும்! மனிதப் பிறப்பா, ஓநாய்ப் பிறப்பா, கரூ இருவருக்குப் பிறந்ததா என்பதைப் பொறுத்து ஆவி உலகோடு உறவாடும் ஆற்றலுக்குத் தொடக்க எண்ணும் வேறுபடுகிறது. மனிதப் பிறப்புக்கு 1, கரூவுக்கும் கரூவுக்கும் பிறந்ததற்கு 3, ஓநாய்ப் பிறப்புக்கு 5. எண் போட்டுத் தந்துவிட்டார்கள். இனி எவன் மறுப்பான்?

சட்டத்தை மீறியவர்களுக்குச் 'சாராக்' என்று வசைப்பெயர். அவர்கள் பெற்ற குழந்தைக்கு 'மெட்டீஸ்' என்று பெயர். அக்குழந்தை மனிதக் குழந்தையாகவோ ஓநாய்க் குட்டியாகவோ பிறப்பதில்லை. உரோமமும் நகமும் கொண்ட போர் வடிவத்திலேயே பிறக்கிறது. உடற்குறையோடு பிறக்கிறது. வளர்ந்தாலும் அதற்குப் பிள்ளைப்பேறு இல்லை. குலத்தார் அதைக் கண்டால் ஒதுங்குவர், ஏசுவர், எச்சில் வேலை ஏவுவர்.

ஆட்டத்தை இயற்றியவர்கள் இந்தக் கொடுமையைக் கொடுமை என்று அறிந்தே எழுதினார்கள். கரூக்கள் தம் செருக்காலும் மூடத்தனத்தாலும் அழிந்துகொண்டிருக்கும் இனம். அவர்கள் பகைவன் வெளியே பாதி, உள்ளே பாதி என்பதே அந்நூலின் உயிர்க்கருத்து. மெட்டீசை இழிவு செய்வது குலத்தாரின் குறுகிய மனம் என்றுதான் வாசகன் கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். நல்ல விருப்பந்தான்.

ஆனால் நடந்தது என்ன? முதியவர், "கரூவும் கரூவும் கூடினால் கேடு விளையும்" என்கிறார். அது மூடநம்பிக்கையாயின் பிறக்கும் குழந்தை நலமாகப் பிறந்திருக்க வேண்டும். முதியவர் நாண வேண்டும். இளையோர் நகைக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. குழந்தை குறையோடு பிறக்கிறது, எத்தனை முறை பிறந்தாலும் குறையோடு பிறக்கிறது, விதிவிலக்கே இல்லை. மெட்டீஸ் பாத்திரத்தை ஏற்கும் ஆட்டக்காரர் தாமே ஓர் உடற்குறையைத் தேர்ந்து தம் தாளில் எழுதியாக வேண்டும் என்பது ஆட்டவிதி. அப்படியானால் முதியவர் சொன்னது உண்மையாகிவிட்டதே! தப்பெண்ணத்தைக் கண்டிக்க வந்த எழுத்தாளர், இயற்கையையே அதற்குச் சாட்சியாகக் கூண்டிலேற்றிவிட்டார். இதைவிடப் பெரிய உதவியை எந்தப் பழைமைவாதி கேட்டிருக்க முடியும்? மெய்யுலகில் அவனுக்கு வாய்க்காத சான்று, கற்பனை உலகில் கையூட்டின்றிக் கிடைத்தது.

நெருங்கிய குருதியின் கேட்டைத்தான் காட்டினார்கள் என்று வாதிடலாம். வாதம் நிற்காது. வடபுலத்தில் பிறந்த கரூவும் ஆப்பிரிக்கக் கரையில் பிறந்த கரூவும் ஒருவரையொருவர் ஆயிரம் தலைமுறைக்குக் கண்டிராதவராயினும் அவர்கள் கூடல் குற்றமே. நெருங்கிய குருதி தீதென்றால் வெள்ளிப் பல்லினரை என்ன செய்வது? 'சில்வர் ஃபாங்ஸ்' எனப்படும் அரச குலம் அது. தூய்மை தூய்மை என்று தமக்குள்ளேயே வமிசம் பார்த்து மணம் முடித்துச் சித்தம் கலங்கியவர்கள் என்று நூலே சொல்கிறது. ஆயினும் 'தூய பிறப்பு' என்றொரு தகுதி ஆட்டத்தில் உண்டு. அதை உடையவனுக்குப் பிற கரூக்களோடு பேசும்போதும் அறைகூவும்போதும் மிகைப் பகடை தருகிறார்கள். ஒரு கையால் கண்டிக்கிறார்கள். மறு கையால் கைத்தட்டுகிறார்கள்! அரசனின் பித்துக்கு மதிப்பு. காதலரின் குழந்தைக்கு வசை.

இனி மெய்யான ஓநாயைக் கேட்போம். இளம் ஓநாய் வளர்ந்ததும் தாய் தந்தையரை விட்டு நெடுந்தொலைவு செல்கிறது. அயற்காட்டில் தன்போல் தனித்து வந்த ஒன்றைக் காண்கிறது. இரண்டும் இணைந்து குட்டி ஈன்று குடும்பமாகின்றன. கூட்டம் என்பது பெரும்பாலும் அந்தக் குடும்பமே என்று டேவிட் மெக் என்னும் ஆய்வாளர் 1999-இல் எழுதினார். தலைவன், அடிமை என்று பழைய நூல்கள், அவருடைய 1970-ஆம் ஆண்டு நூல் உட்பட, பரப்பிய கருத்தை அவரே திருத்திக்கொண்டார். எழுதியது பிழையென்றால் திருத்துவது அறிஞர் இயல்பு. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரி நடுவே ஐல் ராயல் என்றொரு தீவு. புதுக்குருதி வர வழியின்றி அங்கே அடைபட்ட ஓநாய்களின் முதுகெலும்பில் குறை கண்டனர். 2016-இல் எஞ்சியவை இரண்டே. 2018, 2019 ஆண்டுகளில் வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டபின் குலம் மீண்டும் தழைத்தது. கதவடைத்த குருதிக்குத்தான் கேடு. ஓநாயும் ஓநாயும் கூடினால் ஓநாய் பிறக்கிறது, அவ்வளவே.

'மெட்டீஸ்' என்ற சொல்லையும் விட்டுவிடலாகாது. கனடாவில் ஒரு மக்களின் பெயர் அது. ஐரோப்பியரும் மண்ணின் தொல்குடியினரும் கலந்து, தமக்கென மொழியும் வாழ்வும் அமைத்துக்கொண்ட மக்கள். 1982-ஆம் ஆண்டின் கனடா அரசியல் சட்டம் அவர்களைத் தொல்குடியினருள் ஒருவராக ஏற்றுள்ளது. உயிருள்ள மக்களின் பெயரை எடுத்து, மலடென்றும் குறையுடலென்றும் பொருள் கொள்ளும்படி ஆட்டத்தில் ஒட்டினார்கள். அதிலும் ஒரு தலைகீழ்! சொல்லின் பொருள் 'கலந்தவர்' என்பது. ஆட்டத்திலோ கலவாதவருக்குப் பிறந்தவனுக்கு அப்பெயர். அகராதியைப் புரட்டிப் பார்க்கும் பொறுமைகூட இல்லையா என்று மாணவனைக் கேட்பதுபோல் கேட்கத் தோன்றுகிறது.

2023-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இவற்றைக் களைந்துவிட்டது. பிறப்பு வகைகள் மூன்றும் இல்லை. மெட்டீஸ் என்ற பெயரும் இல்லை. கரூ ஆவது பரம்பரைச் சொத்தும் அன்று. வரவேற்கிறோம். ஆயினும் ஒரு மனக்குறை. பழைய ஆட்டங்களில் அந்த இகழப்பட்ட குழந்தையை ஏற்று, இகழ்ந்த மன்றத்தின் முன் நிமிர்ந்து நின்று வாதாடிய இளைஞர் பலர். அவர்களுக்குச் சட்டம் பொய் என்று காட்டும் வாய்ப்பைப் புதிய பதிப்பும் தரவில்லை. சட்டமிருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டு நகர்ந்தது. நலமாகப் பிறந்த ஒரு கரூக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் காதலர் மன்றத்துக்குள் நுழையும் காட்சியை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

பழைய நூலை விரித்து ஆடுவோர் இன்றும் உளர். கதைசொல்லிக்கு விதியை மாற்றும் உரிமை உண்டென்பது அவ்வாட்டத்தின் மரபு. அந்த உரிமையைக் கையிலெடுத்து, உடற்குறை என்ற இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டுப் பகடையை உருட்டுங்கள். மூத்தோர் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.