கோபால் வளர்ந்தானா?

பிள்ளைகள் பார்க்கும் சித்திரத் தொடரைப் பற்றிப் பெரியோர் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். உலகம் தம்மை எவ்வாறு காண்கிறது என்பதை நம் சிறுவர் முதலில் அறிவது பாடப்புத்தகத்திலன்று. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலேயாம். ஆதலின் இவ்விஷயம் அற்பமானதன்று.

மலேசியாவின் அனிமோன்ஸ்டா நிறுவனத்தார், நிஜாம் ரசாக்கின் இயக்கத்தில் ஆக்கிய 'போபோய்போய்' என்னும் தொடர் 2011-இல் டிவி3-இல் தொடங்கிற்று. அதன் வழித்தொடரான 'போபோய்போய் கேலக்சி' 2016-இன் இறுதியில் வெளிவந்தது. இவ்விரண்டில் எது சிறந்தது என்பதே நம் கேள்வி.

முதல் தொடரின் கதை எளியது. விடுமுறைக்கு ரயிலேறி ரிந்திஸ் தீவுக்கு வருகிறான் ஒரு சிறுவன். அவன் பாட்டனார் தோக் அபா, கொக்கோ பானம் விற்பவர். அந்தக் கொக்கோவையே எரிசக்தியாக்கக் கருதி, சதுரத் தலையனான அடுடு வேற்றுக் கிரகத்திலிருந்து வருகிறான். ஓச்சோபாட் என்னும் இயந்திரப் பந்தின் உதவியால் சிறுவனும் அவன் தோழர்களும் அற்புத சக்தி பெறுகின்றனர். யாயா மலாய்ச் சிறுமி. யிங் சீனச் சிறுமி. கோபால் நம் வீட்டுப் பிள்ளை. அண்ட சராசரத்துச் சண்டையும் ஒரு கம்பத்துக் கடை வாசலிலே நடக்கிறது. சக்திக்கு விலையும் உண்டு: நாயகன் மூவராகப் பிரிந்து நெடுநேரம் நின்றால் தன் நினைவை இழக்கிறான். கற்பனை எவ்வளவு உயரப் பறந்தாலும் அதன் கால் மண்ணில் ஊன்றியிருந்தது.

வழித்தொடரோ விண்கலம் ஏறிவிட்டது. சக்திக் கோளங்களைக் காக்கும் தாபோப்ஸ் என்னும் படையிற் சேர்ந்து பிள்ளைகள் கிரகம் கிரகமாய்ச் செல்கின்றனர். சித்திர வேலை முன்னையினும் மேம்பட்டது. போர்க் காட்சிகள் விரிந்தன. நாயகனின் நீர்ச் சக்தி பனியாகவும், இலைச் சக்தி முள்ளாகவும் முதிர்கின்றன. இத்திறமையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

கம்பத்தை விட்டதே குற்றம் என்று சொல்லோம். லயத்தையும் பால்மரத்தையும் விட்டு ஈப்போவுக்கு வந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த நம்மவர் அவ்வாறு சொல்லவும் கூடாது. பிறந்த இடத்திலேயே கட்டுண்டு கிடப்பது பெருமையன்று. வெளியேறியவன் வளர்ந்தானா என்பதன்றோ கேள்வி?

நாயகன் வளர்ந்தான். கோபால்? முதல் தொடரில் அவன் தின்பண்டத்துக்கு ஏங்குபவன், பயந்தவன், தந்தை குமாரின் கண்டிப்புக்கு நடுங்குபவன். சிறுவனாயிருக்கையில் அது குற்றமன்று. எந்தப் பிள்ளைதான் அப்படியில்லை? ஆபத்து முற்றினால் நண்பனைக் கைவிடாதவன் என்பதும் உண்மை. ஆனால் வயது கூடி, விண்மீன்களுக்கிடையே சென்ற பின்னரும், அவனுக்கு வாய்த்தது பெரும்பாலும் அதே சிரிப்பூட்டும் பாத்திரந்தான். கதைக்களம் கோடி மடங்கு பெருகியும் கோபாலின் உள்ளம் பெருகவில்லை.

இன்னும் ஒன்று. பொருளின் அணுத்திரளை மாற்றி அதை உணவாக்குவது கோபாலின் சக்தி. இதைவிடப் பெரிய சக்தி எது? ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை, அரிசியின்றி மரவள்ளிக் கிழங்கால் உயிர் காத்த தோட்டத்து முதியோரைக் கேளுங்கள். மின்னலை ஏவுபவனா, கல்லைச் சோறாக்குபவனா, எவன் வீரன் என்று அவர்கள் சொல்வார்கள். ஆசிரியர்களின் கையில் இப்படியொரு புதையல் இருந்தது. பசித்த கிரகம் ஒன்றுக்குக் கோபாலை மீட்பனாக அனுப்பியிருந்தால், வழித்தொடர் மூலத்தை வென்றிருக்கும். நகைச்சுவையோடு அப்புதையலை மூடிவிட்டார்கள்.

ஆகவே, சித்திரத்தில் பின்னது வென்றது. உள்ளத்தில் முன்னதே வென்றது என்பது நம் முடிவு. பல இனத்துப் பிள்ளைகளை ஒரே கடை வாசலில் சமமாய் நிறுத்திய கலைஞர்களுக்கு நாம் நன்றியுடையோம். அந்த நன்றியோடே கேட்கிறோம்: சமமாய் நின்றவன் சமமாய் வளர வேண்டாமா?

புந்தோங் வீட்டிலோ சுங்கை சிப்புட்டுத் தோட்டத்திலோ அமர்ந்து இத்தொடரைப் பார்க்கும் சிறுவன் கோபாலைக் கண்டு சிரிக்கட்டும், சிரிப்பதில் பிழையில்லை. ஆனால் பெற்றோரே, தொடர் முடிந்ததும் அவனை ஒன்று கேளுங்கள்: "அந்தச் சக்தி உனக்கிருந்தால் நீ என்ன செய்வாய்?" கலைஞர் எழுதாமல் விட்ட அத்தியாயத்தை அவன் சொல்லக்கூடும்.