பதினான்கு கோல் போதாது

ஜகார்த்தாவில் 2022 மே 26 அன்று இந்தோனேசியாவை எதிர்த்து இந்திய ஹாக்கி அணி இறங்கியபோது, ஜெயிப்பது யார் என்ற கேள்வி யாருக்கும் இல்லை. எத்தனை கோலில் என்பதுதான் கேள்வி. 14-0 என்று ஜெயித்திருந்தாலும் ஆசியக் கோப்பையின் அடுத்த சுற்றை மறந்துவிட வேண்டியதுதான். 15 கோல் வித்தியாசம் வந்தால் சூப்பர் 4 சுற்று. ஆட்டம் 16-0 என்று முடிந்தது. அதில் இரண்டு கோல் அரியலூர்க்காரர் செல்வம் கார்த்தி அடித்தவை.

நோஞ்சான் அணியைப் போட்டு அடித்த ஆட்டம் என்று பலர் அதை அன்றே மறந்துவிட்டார்கள். அது நியாயமில்லை. சரக்கு இருப்பு, போக்குவரத்து, நிச்சயமில்லாத நிலையில் முடிவெடுப்பது என்று பொறியியல் கல்லூரிகளில் ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ என்ற பெயரில் நடத்தும் பாடத்துக்கு இவ்வளவு பொருத்தமான அறுபது நிமிடம் எளிதில் அமையாது.

முதலில் பட்டியல் கணக்கு. மே 23 அன்று பாகிஸ்தானுடன் 1-1. கார்த்திக்கு அதுதான் அறிமுக ஆட்டம். 9வது நிமிடத்திலேயே கோல். அந்த முன்னிலையை 50 நிமிடம் காப்பாற்றிய இந்தியா, 59வது நிமிடத்தில் பறிகொடுத்தது. மறுநாள் ஜப்பானிடம் 2-5 என்று தோல்வி. அதே நாளில் பாகிஸ்தான் இந்தோனேசியாவை 13-0 என்று வீழ்த்தியது. 59வது நிமிடத்தில் அந்த ஒரு கோலை விடாமல் இருந்திருந்தால், இந்தோனேசியாவை 1-0 என்று ஜெயித்தாலே போதும். விட்டதால் விலை 15 கோல் ஆனது.

அந்த விலை இந்தியாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதுதான் சுவாரஸ்யம். மே 26 அன்று பாகிஸ்தான் – ஜப்பான் ஆட்டம் முதலில் முடிந்துவிட்டது. பாகிஸ்தான் 2-3 என்று தோற்று, +12 கோல் வித்தியாசத்தில் நின்றது. இந்தியா -3. இரண்டு அணிகளுக்கும் தலா ஒரு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி என்று ஆகும்போது கோல் வித்தியாசம்தான் பேசும். 15-0 என்றால் வித்தியாசம் சமமாகி, அடித்த கோல் எண்ணிக்கையில் இந்தியா முந்திவிடும். பாகிஸ்தான் இந்தோனேசியாவை அடித்து நொறுக்கியபோது பதினான்காவது, பதினைந்தாவது கோலுக்கு என்ன விலை என்று அதற்குத் தெரியாது. தேவை எவ்வளவு என்று தெரிந்து சரக்கு எடுப்பவருக்கும், குத்துமதிப்பாக எடுப்பவருக்கும் உள்ள இடைவெளி அது. கடைசியாக ஆடும் வாய்ப்பே ஒரு சொத்து.

இடைவேளையில் இந்தியா 6-0. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கு நன்றாக இல்லை. முப்பது நிமிடத்தில் ஆறு, மீதி முப்பது நிமிடத்தில் இன்னும் ஒன்பது. எப்போது விழும் என்று சொல்ல முடியாத, ஆனால் சராசரி தெரிந்த நிகழ்வுகளுக்குப் பாய்சான் கணக்கு என்று ஒன்று உண்டு. கோலும் அந்த ரகம்தான். அதே வேகத்தில் ஆடினால், அதாவது அரை ஆட்டத்துக்குச் சராசரி ஆறு என்றால், ஒன்பதோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு 15 சதவீதம்தான். சராசரியை எட்டாக உயர்த்தினால் 41 சதவீதம். பத்தாக உயர்த்தினால் 67. ‘இதே ஆட்டத்தைத் தொடருங்கள்’ என்பது மற்ற நாளில் நல்ல அறிவுரை. அன்றைக்கு அது ஆறு தடவைக்கு ஐந்து தடவை வீட்டுக்கு அனுப்பும் அறிவுரை. பயிற்சியாளர் சர்தார் சிங்கின் அணி இரண்டாம் பாதியில் பத்து கோல் அடித்தது.

கோல் பட்டியலைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். டிப்சன் திர்க்கி ஐந்து, சுதேவ் பெலிமக்கா மூன்று, மூத்த வீரர் எஸ்.வி. சுனில், பவன் ராஜ்பர், கார்த்தி தலா இரண்டு, உத்தம் சிங்கும் நீலம் செஸ்ஸும் தலா ஒன்று. அதிகம் அடித்த திர்க்கி தடுப்பாட்டக்காரர்! பெனால்டி கார்னரைத் தவிர வேறெங்கும் தடுப்பாட்டக்காரருக்கு இவ்வளவு கோல் கிடைப்பது அபூர்வம். இங்கேதான் பெஞ்ச் கணக்கு வருகிறது.

ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். ஆட்டத்துக்கு 18 பேர். களத்தில் 11, பெஞ்சில் 7. நடுவரிடம் கேட்க வேண்டாம், அதற்காகக் கடிகாரமும் நிற்காது. முன்கள வீரர்கள் சில நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து மறுபடியும் போவார்கள். கார்த்தி ஆடுவதும் அந்த வரிசையில்தான். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: பெனால்டி கார்னர் என்று நடுவர் கை காட்டிய நொடியிலிருந்து அது முடியும் வரை களவீரரை மாற்ற முடியாது. கார்னரில் கோலை நோக்கி டிராக் ஃபிளிக் அடிப்பவர் அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், உட்கார்ந்தபடி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கேட்ட பிறகு சரக்கு வந்து சேராது என்றால், கேட்கும் முன்பே அது கடையில் இருக்க வேண்டும். சேஃப்டி ஸ்டாக் என்பது இதுதான். எவ்வளவு வைப்பது என்பதற்கும் பழைய பாடம் ஒன்று உண்டு. சரக்கு இல்லாமல் போவதால் வரும் நஷ்டம், மிஞ்சிப் போவதால் வரும் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு என்றால், நான்கில் மூன்று நாட்களின் தேவைக்குப் போதுமான அளவு இருப்பு வைக்க வேண்டும். மடங்கு கூடினால் இருப்பும் கூட வேண்டும். ஜகார்த்தா மாதிரி ஒரு நாளில் ஒரு கார்னரை வீணாக்குவதன் நஷ்டம் மிகப் பெரிது. ஃபிளிக்கரின் கால் சோர்வு சிறிது. அவரை வெளியே எடுக்கவே யோசிக்க வேண்டும்.

ஆனால் எல்லாரையும் களைத்துப் போகும்வரை ஓடவிட முடியாது, எல்லாரையும் பொத்திப் பொத்தி வைக்கவும் முடியாது. பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காய விவசாயிக்கு இது நன்றாகப் புரியும். பட்டறையில் போட்டு வைத்தால் விலை ஏறலாம். எடை குறைந்து அழுகவும் செய்யலாம். அதனால் மொத்தத்தையும் ஒரே நாளில் தள்ளிவிட மாட்டார், மொத்தத்தையும் காத்துக்கொண்டும் இருக்க மாட்டார். ஹூட்டர் ஊதும்போது பெஞ்சில் தெம்பாக உட்கார்ந்திருக்கும் முன்கள வீரர் யாருக்கும் பயன்படாத சரக்கு.

இருப்புக் கணக்கைக் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமும் அதே நாளில் கிடைத்தது. ஜப்பானுக்கு எதிராகப் பாகிஸ்தான் அடித்த ஒரு கோல் செல்லவில்லை. காரணம், ஆள் மாற்றும் குழப்பத்தில் களத்தில் 12 பேர். அந்த ஆட்டம் 3-3 என்று முடிந்திருந்தால் பாகிஸ்தானுக்கு 5 புள்ளி. இந்தியா 16 அல்ல, 30 அடித்திருந்தாலும் 4 புள்ளிதான். அந்தத் தோல்வியோடு 2023 ஒடிசா உலகக் கோப்பைக்கான வாய்ப்பும் பாகிஸ்தான் கையை விட்டுப் போனது.

விளையாட்டில் இந்தக் கணக்கு நுழைந்தது நேற்று இன்றல்ல. 1992 கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் மழைக்கு முன் 13 பந்தில் 22 ஓட்டம் தேவைப்பட்ட தென் ஆப்பிரிக்காவுக்கு, மழைக்குப் பின் ஒரே பந்தில் 21 என்று ஆனது. டக்வொர்த் – லூயிஸ் முறை அந்தக் கூத்துக்குப் பின் பிறந்ததுதான்; 1998இல் அது வெளியான இதழே ஆபரேஷனல் ரிசர்ச் சங்கத்துடையது. ஓவரும் விக்கெட்டும் கையிருப்பு, இரண்டும் சேர்ந்து எவ்வளவு மீதி என்று பார்ப்பதே அதன் அடிப்படை. பனி ஹாக்கியில் பின்தங்கிய அணி கோல்கீப்பரை எடுத்துவிட்டு இன்னொரு தாக்குதல் வீரரை எப்போது இறக்கலாம் என்று டொனால்ட் மாரிசன் 1976இலேயே பாய்சான் கணக்குப் போட்டார். 2018இல் கிளிஃப் ஆஸ்னஸ், ஆரன் பிரவுன் இருவரும் ஒரு கோல் பின்தங்கினால் சுமார் ஆறு நிமிடம் இருக்கும்போதே எடுக்கலாம் என்றார்கள். பயிற்சியாளர்கள் பெரும்பாலும் கடைசி ஓரிரு நிமிடம்வரை காத்திருந்து வந்தவர்கள். முன்பே எடுத்துத் தோற்றால் ஊர் திட்டும். காத்திருந்து தோற்றால் திட்டாது. கணக்கு தெரிந்தும் செய்யாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

கார்த்தியின் பாதை பிறகு நன்றாகவே போனது. ஜகார்த்தா தொடரில் இந்தியா ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம் பெற்றது. 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்திலும், ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியிலும் கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கிய இந்தியா 4-3 என்று கோப்பையை எடுத்தது.

அவர் ஆட்டத்தைத் தீட்டிக்கொண்டது கோவில்பட்டியில்; அரியலூரிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பயிற்சியும் ஆடுகளமும் ஓரிடத்தில், பிள்ளைகள் வேறிடத்தில் என்ற போக்குவரத்துச் சிக்கலுக்கு விளையாட்டு விடுதி ஒரு விடை. அரியலூருக்காவது ரயில் உண்டு. பெரம்பலூர் நகருக்கு அதுவும் இல்லை. ஸ்டிக் பையோடு பேருந்துதான். அந்த விடையை மாற்ற அரசு வேண்டும், பணம் வேண்டும். பெஞ்ச் கணக்குக்கு இரண்டும் வேண்டாம்.

ஆகவே அரியலூர், பெரம்பலூர் மாவட்டப் பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டியில் ஆடாத மாணவர் ஒருவர் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுங்கள். பெனால்டி கார்னர் கிடைத்த நிமிடம், அப்போது ஃபிளிக் அடிப்பவர் களத்தில் இருந்தாரா, ஒவ்வொரு முன்கள வீரரும் உள்ளே போன நிமிடம், வெளியே வந்த நிமிடம்: இவ்வளவு எழுதினால் போதும். நான்கு ஆட்டம் எழுதிய பிறகு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். பெஞ்சில் இருந்து வேடிக்கை பார்த்த கார்னர்கள் எத்தனை என்று தெரிந்துவிடும்.